கித்தேரியானின் ரத்தத்தில் நான் விட்ட ஒரு சொட்டு

ரத்தம் பரிசோதிக்கிற புதிய மெஷினைப் பற்றி எழுதித் தரும்படிதான் நீங்கள் கேட்டீர்கள். அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. உங்கள் லாபில் இப்போது நிற்கிற மெஷினுக்கு என்னைவிட அறிவு அதிகம், அதோடு அதற்கு வாய் கிடையாது. எனக்கு வாய் இருந்தது. அந்த வாயாலும் இந்த வலது கையாலும் ஒரு மனுஷனுக்கு நான் செய்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைக் குறைவாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவனுக்கு மெமோ கொடுக்க முடியாது என்பது ஒரு வசதி.

உங்களில் பலருக்கு ஸ்லைடு போடுவது பழைய காலத்து வேலை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியால் ஒரே இழுப்பில் மெல்லிசாகப் பரப்பி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. இவ்வளவுதான். ஆனால் இதில் கைப்பக்குவம் உண்டு. என் ஸ்லைடுகள் அழகாக இருக்கும். அடக்கத்தோடு சொல்கிறவன் அல்ல நான். பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதுண்டு. எனக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

இரண்டாயிரத்து ஐந்தில் அந்தப் பெயருக்கு ஒரு அடி விழுந்தது. தரச் சோதனைக்காக நாங்கள் வெளியே அனுப்பிய ஸ்லைடு ஒன்று குறிப்போடு திரும்பி வந்தது. வெள்ளணுக்கள் நிறைய உடைந்திருக்கின்றன, பரப்புகிற முறையைத் திருத்திக்கொள்ளவும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அது ஒரு வகை ரத்தப் புற்று உள்ளவரின் ஸ்லைடு. அந்த நோயில் வெள்ளணுக்கள் பலவீனமானவை, தொட்டால் உடையும். என் கையில் பிழை இல்லை. ஆனால் சிவப்பு மைக்கு யார் பதில் சொல்வது?

இதற்கு ஒரு வழி உண்டு என்று எனக்குத் தெரியும். ரத்த வங்கியில் ஆல்புமின் என்று ஒரு புரதக் கரைசல் இருக்கும். ஐந்து சொட்டு ரத்தத்துக்கு ஒரு சொட்டு ஆல்புமின் சேர்த்துப் பரப்பினால் செல்கள் உடையாது. ஒவ்வொன்றும் உருண்டையாக, ஓரம் சிதையாமல் நிற்கும். அன்றிலிருந்து வெள்ளணு அதிகமுள்ள ரத்தம் வந்தால் அந்தச் சொட்டை விட ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை. கொஞ்ச நாளில் அது கைப்பழக்கமாகிவிட்டது. குழம்புக்கு உப்புப் போடுகிறவரிடம் போட்டீர்களா என்று கேட்டால் நக்கிப் பார்த்துத்தான் சொல்வார். நானும் அப்படித்தான்.

அடுத்த வருஷம் கித்தேரியான் வந்தார். இனயத்துக்காரர். கடலுக்குப் போகிறவர், சொந்தமாக ஒரு வள்ளம், ஆறு பேர் கூட்டு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையைப் பிடித்தால் கயிறு முறுக்கியதுபோல இருக்கும். கண்புரை அறுவைக்கு முன்னால் சாதாரணமாக எடுத்த ரத்தத்தில் வெள்ளணு தாறுமாறாகக் கூடியிருந்தது. ரத்தப் புற்றுதான். ஆனால் மாதக் கணக்கில் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிற வகை அல்ல, நாள்பட்ட வகை. இது வந்தவர்களில் சிலர் மருந்தே இல்லாமல் பத்துப் பதினைந்து வருஷம் நடமாடி வேறு ஏதாவது காரணத்தில் சாவார்கள். சிலரை இரண்டு மூன்று வருஷத்தில் கொண்டுபோய்விடும். பார்வைக்கு இரண்டு பேரும் ஒன்றுபோல இருப்பார்கள். யார் எந்த வகை என்பதை ரத்தத்தில் உள்ள சில அடையாளங்களை வைத்து ஊகிக்க வேண்டும். மருந்து கடுமையானது, அதனால் மெதுவான வகைக்கு அதைக் கொடுக்கக்கூடாது. வேகமான வகைக்குக் கொடுக்காமல் இருக்கக்கூடாது. எல்லாம் அந்த ஊகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கித்தேரியான் வருவார். தனியாக வந்ததே கிடையாது. வள்ளத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர், அவருடைய அண்ணன் மகன் சகாயம் உட்பட, கூடவே வந்து லாப் வாசலில் கலகலவென்று நிற்பார்கள். ஒருமுறை தானும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்றார். பார்க்க வைத்தேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு குனிந்தபடியே நோயைப் பற்றிக் கேட்டார்.

"சாறே, இதுல எது நான், எது தீனம்?"

"எல்லாம் நீருதான், கித்தேரியான்."

"அப்பம் என்னக் கொல்லப்போறதும் நான்தானாக்கும்" என்று சொல்லி அவர் சிரித்தார். சகாயமும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேலையில் எனக்குப் பழகாத ஒன்று அதுதான். உள்ளே கண்ணாடியில் ஒரு ஆள், வெளியே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டு ஒரு ஆள். வெளியே இருப்பவருக்குத் தெரியாதது உள்ளே இருப்பவரிடம் இருக்கும். பல நாள் அந்த பெஞ்சைத் தாண்டிப் போகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில், திருவனந்தபுரத்தில் இருந்து ரத்தநோய் டாக்டர் ஒருவர் மாதத்தில் ஒரு நாள் வந்து பார்க்க ஏற்பாடாயிற்று. சின்ன வயது, நிதானமான பெண்மணி. முதல் நாளே கித்தேரியானின் ஸ்லைடுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தார். வெள்ளணு எண்ணிக்கை அந்த வருஷம் கொஞ்சம் கூடியிருந்தது. பயப்படும் அளவுக்கு இல்லை, அலட்சியம் செய்யும் அளவுக்கும் இல்லை. டாக்டர் ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"உங்க ஸ்லைடு அசல் படம் மாதிரி இருக்கு, சார். ஒரு செல்கூட உடையல" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"அதுதான் எனக்குப் பயம். இந்த நோயில் செல்கள் நிறைய உடைஞ்சு நிழல் மாதிரிக் கிடந்தால், அது மெதுவாகப் போகிற வகையாக இருக்கச் சாத்தியம் அதிகம்னு இப்போ எழுதறாங்க. உடையாமல் கெட்டியா நிற்கிறது நல்ல லட்சணம் இல்லை. இதை மட்டும் வச்சு முடிவெடுக்க மாட்டேன். ஆனாலும் எண்ணிக்கையும் கூடுது. அடுத்த மாதம் வரும்போது மருந்து தொடங்க வேண்டி வரும்னு நினைக்கிறேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'அசல் படம் மாதிரி' என்ற வார்த்தையோடு என் காது நின்றுவிட்டது. மீதியையும் கேட்டேன், புரிந்தது. ஆனால் அந்த ஸ்லைடு ஏன் அசல் படம் மாதிரி இருக்கிறது என்று என் மண்டையில் உறைக்கவில்லை. அவ்வளவு பெருமை. இப்போது நினைத்தாலும் எழுந்து போய் முகம் கழுவத் தோன்றுகிறது.

டாக்டர் கித்தேரியானிடம் பக்குவமாகத்தான் பேசினார். இன்னும் ஒரு பரிசோதனை வெளியே அனுப்ப வேண்டும், அதன் பிறகு முடிவு செய்யலாம், பதற வேண்டாம் என்று. ஆனால் நம் பக்கத்து ஆட்களின் வழக்கம் உங்களுக்கே தெரியும். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே லாபுக்கு வருவார்கள். டாக்டர் வெளியூர், லாப்காரன் நம்ம ஆள். கித்தேரியானும் வந்தார். சகாயம் பின்னால் நின்றான்.

"டாக்டரம்மா சொன்னது எனக்குப் பிடிகிட்டல்ல, சாறே. நீங்க நம்ம ஆளு. உள்ளத உள்ள மாதிரி சொல்லுங்க."

டாக்டரிடம் கேளும் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை. அதற்குப் பதிலாக நான் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு, "நல்லதாட்டு தெரியல்ல, கித்தேரியான். இது வேகமா போற இனமாக்கும். வீட்டுக் காரியத்த எல்லாம் ஒதுக்கி வச்சுக்கிடும்" என்றேன்.

"மாசமா, வருசமா?"

நான் பதில் சொல்லவில்லை. தெரியாததால்தான் சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு நின்ற இரண்டு பேருக்கும் அந்த மௌனம் மாசம் என்றுதான் கேட்டிருக்கிறது.

பதினைந்து நாள் கழித்து, வெளியே அனுப்ப வேண்டிய பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க அவர் வந்தார். ஆனி மாதம், விடாத மழை. காலையில் லாப் வாசலைத் திறந்தபோது காத்திருக்கும் கூடத்தில் நல்ல கூட்டம். நீளமான பெஞ்சின் நடுவில் கித்தேரியான் மட்டும் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் காலி. அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள், கைப்பிள்ளையோடு ஒரு பெண் உட்பட. நின்றவர்களில் பாதிப் பேர் இனயத்துக்காரர்கள், எனக்கு முகம் தெரியும். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கிறோம் என்ற பாவனையும் இல்லை. அந்த இடத்தில் ஆளே இல்லாததுபோல இருந்தார்கள்.

"ஒத்தைக்கு வந்தீரா? பயலுவ எங்க?" என்று கேட்டேன்.

"வரல்ல, சாறே" என்றார். கையை நீட்டினார். கை சூடாக, பழைய பலத்தோடுதான் இருந்தது. ரத்தம் எடுத்து முடிந்ததும் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இதுவும் அதைத்தான் சொல்லுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மழையில் இறங்கிப் போனார்.

வெளியே அனுப்ப வேண்டியதைப் பிரித்துவிட்டு மீதியில் ஸ்லைடு போட உட்கார்ந்தேன். ஆல்புமின் குப்பி காலி. ரத்த வங்கியில் கேட்டால் மதியத்துக்கு மேல்தான் வரும் என்றார்கள். பரவாயில்லை என்று சொட்டு விடாமலே இழுத்தேன். சாயம் காய்வதற்குள் மின்சாரமும் போயிற்று. பழைய மைக்ராஸ்கோப் ஒன்று உண்டு, விளக்கு இல்லாமல் கண்ணாடி திருப்பி வெளிச்சம் பிடிப்பது. அதை ஜன்னல் ஓரம் எடுத்துப்போய் மழை வெளிச்சத்தில் கண்ணை வைத்தேன்.

முதலில் சாயம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடி முழுக்க உருவமில்லாத ஊதாக் கறைகள். ஓரம் கிடையாது. உள்ளிருந்தது வெளியே பரவி, முகத்தைத் துடைத்துவிட்ட படங்கள் மாதிரி வரிசை வரிசையாகக் கிடந்தன. நகர்த்தினேன், அங்கும் அவை. இன்னும் நகர்த்தினேன். உருண்டையாக நின்ற ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்தில் உடைந்த ஒன்று. சாம்பல் வெளிச்சத்தில் அவை லேசாக அசைவதுபோலக்கூட இருந்தது. மேகம் நகர்கிறது, அதனால் வெளிச்சம் மாறுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பிடரி மயிர் நட்டுக்கொண்டது. மூன்று வருஷமாக இந்த மனுஷனின் ரத்தத்தைப் பார்க்கிறேன். இவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

என் கை தளர்ந்துவிட்டதோ என்று இன்னொன்று இழுத்தேன், அதுவும் அப்படியே. அலமாரியில் இருந்து அவருடைய பழைய ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். உருண்டை உருண்டையாக, ஒழுங்காக. காலையில் பார்த்ததைவிட இதைப் பார்க்கத்தான் அதிகப் பயமாக இருந்தது. ஏனென்றால் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவை புதிதாக வரவில்லை. முதல் நாளில் இருந்தே அங்கே இருந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு விட்டு அவற்றை வெளியே வரவிடாமல் பிடித்து வைத்திருந்தவன் நான்.

மதியம் ஆல்புமின் வந்தது. அதே குழாயில் இருந்து இரண்டு ஸ்லைடு போட்டேன். சொட்டு விட்டதில் ஒன்றுமில்லை. சொட்டு விடாததில் நெரிசல்.

அதற்குப் பிறகு ஒரு பத்து நிமிஷம். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. லாபில் வேறு யாரும் இல்லை. சொட்டு விடாத ஸ்லைடைக் குப்பையில் போட்டால் விஷயம் முடிந்தது. டாக்டர் மருந்து தொடங்குவார், கித்தேரியானுக்கு முடி கொட்டும், காய்ச்சல் வரும், ஒருவேளை தாக்குப்பிடிப்பார், ஒருவேளை மாட்டார். இரண்டில் எது நடந்தாலும் நோயின் கணக்கில் போய்ச் சேரும், என் பெயருக்கு ஒன்றும் ஆகாது. ஸ்லைடைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பைத்தொட்டி வரை போனேன். போனவன் திரும்பி வந்ததற்கு எந்தப் பெரிய காரணமும் சொல்லத் தெரியவில்லை. காலையில் அந்த பெஞ்சு இருந்த இருப்பு மனதை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் முதலில் கேட்டது இதுதான்.

"எத்தனை பேருக்கு இப்படிச் செஞ்சீங்க, சார்?"

"இந்த வகை ரத்தம் வந்த எல்லாருக்கும்."

"எழுதிக் கொடுங்க. எல்லார் ரத்தத்தையும் மறுபடி பார்க்கணும். கித்தேரியானுக்கு மருந்து இப்போ வேண்டாம், வெளியே அனுப்பியது வரட்டும். அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"வேண்டாம், டாக்டரே. நான்தான் அவர்கிட்ட வேற ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். நானே போறேன்" என்றேன். என்ன சொன்னேன் என்று அவர் கேட்டார். சொன்னேன். இன்றைக்கே போங்கள் என்று போனை வைத்தார்.

கித்தேரியானின் அட்டையில் பக்கத்துக் கடையின் நம்பர்தான் இருந்தது. கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் பலபேர் சேர்ந்து ஏதோ சொல்லுகிற சத்தம் கேட்டது.

"கித்தேரியானுக்கு செபம் நடக்குது. பொறவு கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

காலையில் நடந்து போன ஆள். அதற்குள் செத்துவிட்டாரா என்று நினைத்தேன். இரண்டு ஸ்லைடையும் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புதுக்கடையில் இறங்கி இனயத்துக்கு வேறு பஸ். ஜன்னல் ஷட்டரைத் தாழ்த்தி எல்லோரும் மழைக்கு ஒடுங்கி இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ஒரு அடக்கத்துக்கு என்று என் வாயில் வந்துவிட்டது.

வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, அடக்க வீட்டில் போடுவதுபோலவே இரண்டு வரிசை பெஞ்சு போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் பாயில் இருந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெழுகுதிரி எரிந்தது. நடுவில் நாற்காலியில் கித்தேரியான். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க சாறே, இருங்க" என்றார்.

நான் உட்காரவில்லை. அவர் மனைவி பிலோமினாள் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் சாமியாரைக் கூட்டிவந்து, சாவுக்கு முன்னால் எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயிற்பூசுதல் கொடுத்தாயிற்று. தெருத் தெருவாகப் போய் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று. இன்று அன்பியத்துக்காரர்கள், அதாவது தெருவிலுள்ள ஜெபக் குழுவினர், நன்மரணத்துக்கு ஜெபிக்க வந்திருக்கிறார்கள். தினமும் ஒரு கூட்டம் வரும். "அவருக்கும் கேக்க இஷ்டமாக்கும்" என்றாள். நான் சி.எஸ்.ஐ. சபைக்காரன், அவர்களுடைய கத்தோலிக்க முறைகள் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆனாலும் சாப்பிட்டு ஏப்பம் விடுகிற ஒரு மனுஷனைச் சுற்றி நின்று அவர் ஆத்துமாவை ஒப்புக்கொடுக்கிற குரல்களைக் கேட்டபோது, அந்த வீட்டில் இரண்டு கித்தேரியான் இருக்கிறார்கள் என்றும், நான் பேச வந்திருப்பது எந்த ஆளிடம் என்று தெரியவில்லை என்றும் ஒரு எண்ணம் வந்து என்னை உலுக்கியது.

ஜெபம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். தப்பு என்னுடையது. அவர் ரத்தத்தில் நான் ஒரு மருந்தைக் கலந்துதான் பார்த்தேன், அதனால் கண்ணாடி பொய் காட்டியது. கலக்காமல் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. ரத்தத்தில் நோய் உண்டு, அது இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேகமான வகை என்று நான் சொன்னதற்கு இப்போது ஆதாரம் இல்லை. இரண்டு ஸ்லைடையும் எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல ஊதாத் தடவல்தான். பெண்கள் அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பிலோமினாள்தான் கேட்டாள். "அப்பம் இவரு சாவமாட்டாராக்கும்?"

"சாவாரு, எல்லாரையும் மாதிரி. எப்பம்னு ரத்தம் சொல்லல்ல. சொன்னது நானாக்கும்."

அவள் அங்கேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கித்தேரியான் அழவில்லை. என் கையைப் பிடித்துத் தேற்றும் குரலில், "வெப்ராளப்படாதீங்க, சாறே. ஆளு தப்பு பண்ணாம இருக்குமா?" என்றார். பிறகு சகாயத்தைத் தேடிப் பார்த்தார். அவன் வள்ளத்து ஆட்களோடு முற்றத்தில் நின்றான்.

"ஏலே மக்கா, கேட்டியா? நாளைக்கு கடலுக்கு நானும் வாறேன்."

சகாயம் தரையைப் பார்த்தான். அவனுக்கு முப்பது வயது இருக்கும். முரடன் அல்ல, கித்தேரியானின் மேல் உயிரையே வைத்திருந்தவன்.

"வேண்டாம், சித்தப்பா."

"சாறு சொன்னதக் கேட்டியா, இல்லியா?"

"சாறு முந்தியும் சொன்னாரு. நாள் சொல்லியாச்சு. ஊரு கேட்டாச்சு. பூசுதலும் வாங்கியாச்சு. ஒங்கள ஏத்திக்கிட்டு போனா கடலு எங்ககிட்ட கணக்கு கேக்கும். வீட்டுல பிள்ளையளு இருக்கு." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீங்க கரையில இரிங்க. பங்கு கொண்டு தாறோம்."

சாவு குறித்தவரை ஏற்றினால் வள்ளமே போகும் என்கிற நம்பிக்கை எல்லாக் கடற்கரைக்காரர்களுக்கும் உண்டு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் வேறு ஊர் ஆள் ஒருவர் அவனை அதட்டவும் செய்தார். ஜெபம் நடத்திய உபதேசியாரும் பூசுதல் என்பது சுகத்துக்கும்தான் கொடுப்பது என்று பொறுமையாக விளக்கினார். ஆனால் அந்த வள்ளத்தில் ஏறுகிற மற்றவர்களில் ஒருவன்கூட வாய் திறக்கவில்லை. கித்தேரியான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவர்கள் கண்கள் அவரைத் தாண்டிச் சுவரில் நின்றன. காலையில் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை.

வெளியே அனுப்பிய பரிசோதனை ஒரு வாரத்தில் வந்தது. வேகமான வகையில் கூடுகிற பீட்டா டூ மைக்ரோகுளோபுலின் என்கிற அடையாளம் அவருக்குக் கூடியிருக்கவில்லை. டாக்டர் மருந்து வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். மற்ற நோயாளிகளின் ரத்தத்தையும் மறுபடி பார்த்தோம். என் சொட்டால் வேறு யாருக்கும் கெடுதல் நடந்ததாகத் தெரியவில்லை. நடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம். அந்த வகை ரத்தம் எதற்கும் இரண்டு ஸ்லைடு போட வேண்டும், ஒன்று சொட்டு விட்டு, ஒன்று விடாமல், எது எது என்று கண்ணாடியிலேயே கீறி எழுத வேண்டும் என்று லாப் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். உங்கள் நோட்டிலும் அது இருக்கும். ஏன் இருக்கிறது என்று இப்போது தெரிந்துகொண்டீர்கள். மற்றதை நோட்டில் எழுத முடியாது. ரிப்போர்ட்டை டாக்டர் சொல்லட்டும். நோயாளி உங்கள் சொந்த ஊர்க்காரராக இருந்தாலும், உள்ளதைச் சொல்லும்படி காலைப் பிடித்தாலும், டாக்டர் சொல்லட்டும். தெரியாது என்றால் தெரியாது என்றே வாயைத் திறந்து சொல்லுங்கள், முகத்தை வைத்துச் சொல்லாதீர்கள்.

கித்தேரியான் தொடர்ந்து வந்தார். தனியாகத்தான். எண்ணிக்கை அதற்கு மேல் கூடவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் ஸ்லைடில் அந்த நிழல்கள் கூட்டமாக நிற்கும். எனக்கு அவற்றைப் பார்த்தால் ஒரு நிம்மதி. அவரோ வர வர ஒடுங்கிக்கொண்டே வந்தார், உடம்பால் அல்ல. மீன் ஏலத்தில் நின்றால் விலை கேட்கிறவர்கள் தன்னைத் தாண்டிக் கேட்கிறார்கள் என்றார். கோயிலில் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்துகொள்கிறார் என்றார். "சகாயம் பங்கு மட்டும் ஒழுங்கா கொண்டு தாறான். வாசல்ல வச்சிட்டு போவான், கையில தரமாட்டான்" என்றார். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எப்போதும் ஒரு வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். அந்த ஆனி மாதம் தன் அடக்கத்துக்கு என்று எடுத்து வைத்ததாம். சும்மா கிடந்து பூச்சி அரிக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்கு வரும்போது போடுகிறேன் என்றார். நான் வேலையை விடுவதற்குள் அதன் காலர் நைந்து, திருப்பித் தைத்திருந்தார்.

இரண்டாயிரத்துப் பதினாறில் நான் ஓய்வு பெற்ற வாரத்தில் அவர் வந்தார். அவருடைய ரத்தத்தில் நான் போட்ட கடைசி ஸ்லைடு. ஏழு வருஷம் ஆகியிருந்தது, ஒரு மாத்திரைகூட இல்லாமல். நல்லாத்தான் இருக்கீரு, இப்படியே போனால் என்னை அடக்கம் பண்ண நீர்தான் வருவீர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாறே, ஒண்ணு கேக்கட்டா? அண்ணைக்கு நீங்க எனக்கு ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தா, இந்த ஏழு வருசமும் நான் எங்க இருந்திருப்பேன்?"

"கடல்ல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, காத்திருந்த கூட்டத்துக்குள் நடந்து போனார். யாரும் ஏறிட்டுப் பார்க்காமல் அவருக்கு வழிவிட்டார்கள்.